வெள்ளிவீதி தேடிப் போனது

ஆம்பூர்ப் பக்கத்தில் விடிவதற்கு முன்பே ஷூ கம்பெனிப் பேருந்துகள் புறப்பட்டுவிடும். என் மாணவியர் பலருடைய அக்காவோ அம்மாவோ அவற்றில் போகிறவர்கள்தாம். சென்ற ஆண்டு ஒரு பெண் மூன்று வாரம் வகுப்புக்கு வரவில்லை. திருமணம் வரை வந்துவிட்ட காதலை அந்தப் பையன் உதறிவிட்டான் என்றும், இனிப் படித்து என்ன ஆகப்போகிறது என்று அவள் அக்காவோடு கம்பெனிக்குப் போகத் தொடங்கிவிட்டாள் என்றும் தோழியர் சொன்னார்கள். அவள் திரும்பி வந்த நாளில், தற்செயலாக, குறுந்தொகை 44ஆம் பாடல் நடந்துகொண்டிருந்தது. வகுப்பு முடிந்ததும் வந்து கேட்டாள்: "இதைப் பாடினவங்க தேடிப்போனவர் கடைசியில கிடைச்சாராம்மா?"

குறுந்தொகை முதன்முதலில் அச்சேறியது எங்கள் வேலூரில், 1915ஆம் ஆண்டு. சௌரிப்பெருமாள் அரங்கனார் தாமே உரை எழுதிப் பதிப்பித்தார். உ.வே.சா. பதிப்பு வெளிவந்தது அதற்கு 22 ஆண்டுகள் கழித்து. தோல் பதனிடும் ஊர்கள் என்று மட்டுமே அறியப்பட்ட இப்பகுதிக்கு இப்படியும் ஒரு பெருமை உண்டு என்பதை வகுப்பில் சொல்லாமல் நான் விடுவதில்லை.

44ஆம் பாடலைப் பாடியவர் வெள்ளிவீதியார். குறுந்தொகையில் எட்டு, நற்றிணையில் மூன்று, அகநானூற்றில் இரண்டு என்று அவர் பாடியனவாக 13 பாடல்கள் நமக்குக் கிடைத்துள்ளன. பிரிந்து சென்ற கணவனைத் தேடி அலைந்தவர் என்பது வழிவழியாக வரும் செய்தி. அதற்குள்ள பழைய சான்று ஔவையார் பாடிய அகநானூற்று 147ஆம் பாடல். தலைவனைப் பிரிந்த தலைவி, வெள்ளிவீதியைப் போலத் தானும் புறப்பட்டுவிட விரும்புவதாக அதில் சொல்கிறாள். ஐந்திணைப் பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. ஆனால் உவமையின் வழியாக ஒரு பெண்ணின் பெயர் உள்ளே வந்துவிட்டது.

வெள்ளிவீதியார் தாமும் அகநானூற்று 45ஆம் பாடலில் தமக்கு முந்திய ஒருத்தியைச் சுட்டுகிறார். காவிரி கொண்டுபோன ஆட்டனத்தியைத் தேடித் திரிந்த ஆதிமந்தி அவள். அவளைப்போல நானும் பேதுற்று உழல்வேனோ என்பதே அங்குள்ள அச்சம். இரண்டு பாடல்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒன்று புலப்படும். வெள்ளிவீதிக்கு ஆதிமந்தி சித்தம் கலங்கியதற்கு உவமை. ஔவைக்கோ வெள்ளிவீதி துணிந்து புறப்பட்டதற்கு உவமை. இடையில் என்ன நடந்திருக்கும்?

அதற்கான விடை அவருடைய பாடல்களிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. குறுந்தொகை 27 தலைவி கூற்று. கன்றும் உண்ணாமல் கலத்திலும் விழாமல் மண்ணில் சிந்திப்போன நல்ல பசுவின் பாலாகத் தன் அழகு வீணாகிறதே என்கிறாள். இது கைவிடப்பட்டவளின் குரல். இதை மட்டும் பாடியிருந்தால் வியப்பில்லை. ஆனால் 44 செவிலி கூற்று. உடன்போக்கில் சென்ற மகளைத் தேடி நடந்து கால் ஓய்ந்து, எதிர்ப்படுவோரையெல்லாம் பார்த்துப் பார்த்துக் கண் ஒளி மங்கிய ஒரு தாயின் பேச்சு. 130 தோழி கூற்று. ஊர் ஊராகக் குடி குடியாகத் தேடினால் அவன் எங்கே தப்பிவிடுவான் என்கிறாள் அவள். 58 தலைவன் கூற்று. வெயில் காயும் பாறையில் வைத்த வெண்ணெய், காவலுக்கு இருப்பவனோ கையும் இல்லாத ஊமை. காமத்தால் உருகும் ஓர் ஆணின் இயலாமையை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன ஆண் புலவரை நான் அறியேன்.

அகப்பாட்டு நாடக வழக்கு. அதைக்கொண்டு புலவரின் வாழ்வை எழுதலாகாது என்பார்கள். நானும் அப்படித்தான் கற்பிக்கிறேன். எனினும் ஔவையின் சான்றை நம்பினால், ஓர் ஆண் விட்டுப்போன பின் அந்த ஆணின் தவிப்புக்குள்ளேயே புகுந்து பாட முடிந்த ஒருத்தியை நாம் காண்கிறோம். அந்த நடையில் அவர் அடைந்தது கணவனை அல்லாமல் வேறொன்றாகவும் இருக்கலாம்.

கிடைத்தாரா என்பதற்குப் பாடல்களில் விடை இல்லை என்றுதான் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். சற்று நேரம் நின்றாள். பிறகு, "அந்தத் தலைவன் பாட்டு எத்தனையாவதும்மா?" என்று கேட்டுக் கையில் 58 என்று எழுதிக்கொண்டு பேருந்துக்கு ஓடினாள்.