முப்பது காசு

போன மாதம் கல்லூரித் தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். டீ போட்டுக் கொடுத்தேன். நல்லா இருக்கே என்றாள். அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டேன். கோத்தகிரியில் நண்பன் வைத்திருக்கும் சின்னத் தோட்டம், கையால் கிள்ளும் இரண்டு இலையும் ஒரு கொழுந்தும், வெந்நீர் ஊற்றி எத்தனை நிமிடம் மூடி வைக்க வேண்டும் என்று கால்மணி நேரம் ஓடியது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள்: "உனக்கு இதுல எவ்ளோடி கமிஷன்?"

சுருக்கென்றது. கமிஷன் கிடையாது. ஆனால் மாதாமாதம் கால் கிலோ தேயிலை சும்மா வருகிறது. அதை மட்டும் நான் சொல்லவில்லை.

அந்த உறுத்தலோடுதான் தேயிலையைப் புகழ்ந்தவர்களின் பழைய கதைகளைப் படிக்க உட்கார்ந்தேன். லண்டனில் காப்பிக்கடை வைத்திருந்த தாமஸ் கார்வே, 1660 வாக்கில் ஒரு பெரிய தாளில் தேயிலையின் மகிமைகளை அச்சடித்து வெளியிட்டார். தலைவலி தீரும், கல்லடைப்புக்கு நல்லது, கெட்ட கனவு வராது, ஞாபகசக்தி கூடும். நம்மூர் பஸ் ஸ்டாண்டு லேகியக்காரர் தோற்றார். முன்பு ராத்தல் 6 பவுண்டுக்கும் 10 பவுண்டுக்கும் போன சரக்கு தன்னிடம் 16 முதல் 50 ஷில்லிங்குக்குள் கிடைக்கும் என்றும் அதிலேயே போட்டிருந்தார். அன்றைக்கு 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. எனக்கு இவர் மேல் கோபமே வரவில்லை. விலை இருக்கிறது, கடை இருக்கும் இடம் இருக்கிறது. பேசுவது வியாபாரி என்று எல்லாருக்கும் தெரியும்.

சிக்கலான ஆள் டச்சு மருத்துவர் கார்னெலிஸ் பொன்டெகூ. குடும்பப் பெயர் டெக்கர். அப்பாவின் பெயர்ப்பலகையில் இருந்த புள்ளிப் பசுவைத்தான் டச்சு மொழியில் பொன்டெகூ என்பார்கள். அதாவது மனிதர் ஒரு விளம்பரப் பலகையையே பெயராகச் சுமந்தவர்! 1678இல் தேயிலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தினம் 8, 10 கோப்பை சாதாரணமாம். 50, 100, ஏன் 200 குடித்தாலும் கெடுதல் இல்லையாம். அந்தக் காலத்துப் பிடியில்லாத சீனக் கோப்பை ரொம்பச் சிறியது என்று வைத்துக்கொண்டாலும், 200 கொஞ்சம் ஓவர்தான்.

அந்தத் தேயிலையைக் கப்பலில் கொண்டுவந்தது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. கம்பெனியிடம் காசு வாங்கிக்கொண்டுதான் எழுதினார் என்ற சந்தேகம் இன்றுவரை அவரை விடவில்லை. பின்னாளில் பிராண்டன்பர்க் ஆட்சியாளரின் மருத்துவராகப் பெர்லினுக்குப் போய், அங்கே 1685இல் படிக்கட்டில் விழுந்து செத்துப்போனார். காசு வாங்கியே இருந்தாலும், அவர் தேநீரை மனதார நம்பியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ரெண்டும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும். எனக்குள்ளும் இருக்கிறதே.

இதற்கு நேர்மாறான கதை சீனத்தில், அதற்கும் ஒன்பது நூற்றாண்டு முன்னால் நடந்தது. தேயிலைக்கென்றே ஒரு நூல் எழுதிய லூ யுவை, லி ஜிச்சிங் என்ற பெரிய அதிகாரி தேநீர் தயாரித்துக் காட்ட அழைத்தார். லூ யு நாட்டுப்புறத்தான் உடுப்பில், தன் சாமான்களைத் தானே எடுத்துக்கொண்டு போனார். கொஞ்சம் முன்னால்தான் இன்னொருவர் மஞ்சள் அங்கியில் வந்து, ஒவ்வொரு சாமானின் பெயரையும் விளக்கி, அதே வித்தையை அமர்க்களமாகக் காட்டிவிட்டுப் போயிருந்தார். அதிகாரிக்கு இவர் செய்தது பெரிதாகப் படவில்லை. குடித்து முடித்ததும் வேலைக்காரனைக் கூப்பிட்டு, டீ போட்டவனுக்கு 30 காசு கொடுக்கச் சொன்னார். லூ யு கூனிக் குறுகிப்போனார். தேநீரைத் தாக்கியே ஒரு கட்டுரை எழுதிவிட்டார் என்று ஃபெங் யான் என்பவர் குறித்து வைத்திருக்கிறார். அந்தக் கட்டுரை நமக்குக் கிடைக்கவில்லை.

தோழி கேட்டபோது எனக்கு வந்ததும் ஏறக்குறைய அதே கோபம்தான். ஆனால் கோபப்பட லூ யுவுக்கு இருந்த தகுதி எனக்கு இல்லை. கால் கிலோ ஏற்கெனவே அலமாரியில் இருக்கிறது.

லூ யு 804இல் இறந்துபோனார். கொஞ்ச காலத்திலேயே ஹெனான் பக்கத்துக் குயவர்கள் அவர் உருவத்தில் பீங்கான் பொம்மை செய்ய ஆரம்பித்தார்கள். சில டஜன் தேநீர்ச் சாமான் வாங்கினால் ஒரு லூ யு இலவசம். தேயிலை வியாபாரிகள் அதை அடுப்புப் பக்கத்தில் சாமியாக வைத்தார்கள். விற்பனை நடந்த நாளில் பொம்மைக்குத் தேநீர்ப் படையல். நடக்காத நாளில் கெட்டிலில் இருக்கும் வெந்நீரை எடுத்து அதன் தலையில் ஊற்றுவார்களாம்.