உழவில் ஆள் குறைந்த கதை: ஜப்பானின் ஒன்றரை நூற்றாண்டு

1960-ல் ஜப்பானில் கால் ஏக்கர் நெல்லை விதைத்து, நட்டு, களையெடுத்து, அறுத்து முடிக்க ஏறத்தாழ 170 மணி நேர உழைப்பு வேண்டியிருந்தது. 1980-ல் அது 65 மணிக்கு இறங்கியது. 2000-ல் 35 மணிகூட ஆகவில்லை. இந்தச் சரிவுக்குக் காரணம் கேட்டால், இயந்திரம் என்று உடனே பதில் வரும். நீண்டகாலப் புள்ளிவிவரங்களோ வேறு கதை சொல்கின்றன. அந்தக் கதையில் இயந்திரம் பிற்பாதியில்தான் நுழைகிறது.

ஓர் உழவரின் உழைப்புக்குக் கிடைக்கும் விளைச்சல் இரண்டு வழிகளில் கூடலாம். ஏக்கருக்கு விளைச்சல் கூடலாம். அல்லது ஓர் ஆள் பார்க்கும் ஏக்கர் கூடலாம். யூஜிரோ ஹயாமி, வெர்னான் ரட்டன் என்ற இரு பொருளியலாளர்கள் 1971-ல் வெளியிட்ட ஒப்பாய்வு இந்தக் கணக்கை வைத்தே ஜப்பானையும் அமெரிக்காவையும் அருகருகே நிறுத்தியது. நிலம் மிகுந்து ஆள் குறைந்த அமெரிக்கா அறுவடைக் கருவிகளிலும் டிராக்டரிலும் இறங்கியது. ஆள் மிகுந்து நிலம் குறைந்த ஜப்பான் விதையிலும் உரத்திலும் இறங்கியது. எது அரிதோ அதைச் சேமிக்கும் நுட்பமே வேரூன்றும் என்பது அவர்கள் முடிவு.

பேரரசர் மெய்ஜியின் ஆட்சிக்காலத்தில் ஜப்பானுக்கு அரிதாக இருந்தது நிலம். 1880-களிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரை அந்நாட்டு வேளாண்மையில் மூன்று எண்கள் பெரிதாக அசையவே இல்லை: சுமார் 55 லட்சம் உழவர் குடும்பங்கள், 1.4 கோடி உழைப்பாளிகள், 60 லட்சம் ஹெக்டேர் நிலம். ஆளுக்கு ஒரு ஏக்கர் சொச்சம். ஆள் குறையவில்லை, நிலமும் பெருகவில்லை. கூடிய விளைச்சல் மண்ணிலிருந்தே வந்தாக வேண்டும்.

வந்தது. அதில் முதல் பங்கு ஆய்வுக்கூடத்துடையது அல்ல, ஊர்ப் பெரிய உழவர்களுடையது. ஹ்யோகோ பகுதியைச் சேர்ந்த மருவோ ஜூஜிரோ 1877-ல் தன் வயலில் தனித்துத் தெரிந்த கதிர்களிலிருந்து ‘ஷின்ரிகி’ என்ற ரகத்தைப் பிரித்தெடுத்தார். உரம் போட்டாலும் சாயாத பயிர் அது. 1882-ல் வேளாண் அறிஞர் யோகோய் டோகியோஷி, உப்புக் கரைசலில் விதையைப் போட்டு மிதக்கும் பதரை நீக்கும் முறையை வகுத்தார். தமிழக உழவர்களுக்கும் பழக்கமான முறைதான் இது. வடக்குக் கியூஷுவில் வழங்கிய குதிரை உழவு மற்ற பகுதிகளுக்குப் பரவியது. வரிசை நடவும், வரிசைக்கிடையே உருட்டும் களைக்கருவியும் சேர்ந்துகொண்டன. ஹொக்கைடோவின் மீன் உரம், பிறகு மஞ்சூரியாவின் சோயாப் பிண்ணாக்கு, அதன்பின் அம்மோனியம் சல்பேட் என்று உரம் மாறிமாறி வந்தது.

வளர்ச்சி எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய வழக்கு உண்டு. 1873-ல் வந்த நிலவரிச் சீர்திருத்தம், நிலத்தின் மதிப்பில் 3 விழுக்காட்டை ரொக்கமாகக் கட்டச் சொன்னது. வரிக்கு அஞ்சிய ஊர்கள் விளைச்சலைக் குறைத்துக் காட்டியிருக்கும் என்று 1966-ல் வாதிட்டார் ஜேம்ஸ் நகமுரா. தொடக்க எண் பொய்யென்றால், பிறகு தெரியும் வளர்ச்சியில் ஒரு பகுதி கணக்கேட்டில் மட்டுமே நடந்த வளர்ச்சி. ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் என்று சொல்லப்பட்டதை அவர் 1 விழுக்காட்டளவுக்கு இறக்கினார். பின்னாளில் திருத்தப்பட்ட தொடர்கள் இரண்டுக்கும் நடுவே நிற்கின்றன.

1918-ல் அரிசி விலை ஏறி நாடெங்கும் கலவரம் வெடித்தது. அரசு தன் ஆட்சியின்கீழ் இருந்த தைவானிலும் கொரியாவிலும் நெல் விளைச்சலைப் பெருக்கி அரிசியைக் கொண்டுவந்தது. நகரத்துக்கு மலிவாக அரிசி கிடைத்தது. உள்நாட்டு உழவரோ விலைச் சரிவால் தேங்கி நின்றார். ஏறத்தாழ பாதி நிலம் குத்தகையில் இருந்தது. விளைந்ததில் பாதியளவு நிலக்கிழாருக்குப் போனது.

போருக்குப் பிந்தைய நிலச்சீர்திருத்தம் இந்த அமைப்பை உடைத்தது. வெளியூரில் இருந்த நிலக்கிழார்களின் குத்தகை நிலம் முழுவதையும் அரசு விலைக்கு வாங்கியது. உள்ளூர் நிலக்கிழார் ஏறத்தாழ 1 ஹெக்டேர் குத்தகை நிலத்தையே வைத்துக்கொள்ள முடிந்தது. ஹொக்கைடோவில் மட்டும் 4 ஹெக்டேர். குத்தகை நிலம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஆயினும் 1960-ல்கூட ஆளுக்கு அதே ஒரு ஏக்கர்தான். உடைமை மாறியது, அளவு மாறவில்லை.

அளவை மாற்றியது தொழிற்சாலை. 1960-ல் 1.45 கோடியாக இருந்த வேளாண் உழைப்பாளர் எண்ணிக்கை 1975-ல் 80 லட்சத்துக்கும் கீழே போனது. இளைஞர்கள் நகரத்துக்குப் போனார்கள்; குடும்பத் தலைவர்கள் பக்கத்து ஊர் ஆலைக்குப் போனார்கள். வயலில் மிஞ்சியவர்கள் தாத்தா, பாட்டி, அம்மா. இந்த மூவர் வேளாண்மைக்கு ஜப்பானியர் தனிப்பெயரே வைத்தார்கள். அவர்கள் கைக்கு ஏற்ற கருவியாகப் பவர் டில்லர் வந்தது. 1955-ல் ஒரு லட்சத்துக்கும் குறைவாக இருந்தது, 1965-ல் 20 லட்சத்தைத் தாண்டியது. களைக்கொல்லி குனிந்து களையெடுக்கும் வேலையைக் குறைத்தது. 1970-களில் பாய் நாற்றங்காலும் நடவு இயந்திரமும் பரவின; சிறு வயலுக்கேற்ற அறுவடை இயந்திரமும் கூடவே வந்தது. ஆள் போன இடத்தை நிரப்பத்தான் இயந்திரம் வந்தது. ஆளைத் துரத்திவிட்டு வரவில்லை.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. வேலை நேரம் சுருங்கியும் நிலம் பெரிய பண்ணைகளாகத் திரளவில்லை. அரசு நெல்லைக் கூடுதல் விலைக்கு வாங்கியது, நிலத்தின் விலையும் ஏறியது. ஆலைச் சம்பளக்காரர் வார இறுதியில் வயலைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றானது. 1970-களில் உழவர் குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு முதன்மை வருமானம் வேளாண்மைக்கு வெளியிலிருந்து வந்தது. நெல்லும் தேவைக்கு மேல் குவிந்தது. 1970 முதல் நெல் சாகுபடிப் பரப்பைக் குறைக்கச் சொல்லும் திட்டம் நடந்தது. அரசே ஒதுக்கீடு வகுக்கும் முறை 2018-ல்தான் நின்றது.

தமிழகத்துக்கு இந்த வரலாற்றின் முதல் பாதி வந்து சேர்ந்தது. 1950-களில் ‘ஜப்பானிய முறை நெல் சாகுபடி’ இந்தியா முழுவதும் பரப்பப்பட்டது. ஜப்பானின் நோரின் 10 நெல்லையும் கோயம்புத்தூரின் ஜி.இ.பி. 24 ரகத்தையும் கலந்து உருவாக்கிய ஏ.டி.டி. 27, 1965-ல் ஆடுதுறையிலிருந்து தஞ்சைக் குறுவை வயல்களுக்குப் போனது. இரண்டும் நிலத்தை மிச்சப்படுத்தும் நுட்பங்கள். ஆள் மிகுந்த டெல்டாவுக்குப் பொருந்தியவை.

ஜப்பானை முன்மாதிரி காட்டி இயந்திரமயத்தைப் பரிந்துரைப்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். விளைச்சல் முதலில் கூடியது. பிறகு உழுதவருக்கு நிலம் கிடைத்தது. அதன்பின் ஊருக்கு எட்டும் தொலைவில் வேறு வேலை பிறந்தது. இயந்திரம் நான்காவதாகவே வந்தது. அந்த நான்காம் கட்டமும் முழு வெற்றி அல்ல: 2020 கணக்கெடுப்பின்படி, ஜப்பானில் வேளாண்மையையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர். அவர்களின் சராசரி வயது 67.8.