ரீம்ஸும் வெலிங்டனும்: இரண்டு சிற்றூர் அணிகள்

இன்றைக்கு நம் வீட்டுப் பிள்ளைகளிடம் பிரெஞ்சு கால்பந்து என்று சொன்னால் பாரிஸ் அணியின் பெயரைத்தான் சொல்வார்கள். அந்தக் கிளப் 1970-ல் பிறந்தது. அதற்கு முன்பே ஐரோப்பாவை ஒரு கலக்குக் கலக்கிய பிரெஞ்சு அணி ஒன்று உண்டு. ஷாம்பேன் மதுவுக்குப் பேர்போன ஒரு நடுத்தர ஊரின் அணி அது. ஊரின் பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் 'ரான்ஸ்' என்கிறார்கள்; நாம் எழுத்தைப் பார்த்து ரீம்ஸ் என்போம், பரவாயில்லை.

ஒரு ஷாம்பேன் கம்பெனியின் ஊழியர் விளையாட்டுக் கழகமாகத் தொடங்கி, 1931-ல் 'ஸ்டாட் தெ ரீம்ஸ்' ஆனது அந்த அணி. மறு வருஷமே பிரான்சில் காசு வாங்கி ஆடுவது சட்டபூர்வமாயிற்று. 1949 முதல் 1962 வரை ஆறு முறை பிரெஞ்சு லீக் பட்டம் வென்றது. ஐரோப்பியக் கோப்பை தொடங்கிய முதல் வருஷமே, 1956 ஜூனில், பாரிஸ் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் ரியல் மாட்ரிட்டை எதிர்த்து இரண்டு கோல் முன்னிலையில் இருந்து, கடைசியில் 3-4 என்று தோற்றது. 1959 இறுதியிலும் அதே மாட்ரிட்டிடம்தான் தோல்வி.

எனக்கு அந்தப் பட்டங்களைவிட அந்த ஆட்டக்காரர்கள்தான் முக்கியம். ரேமோன் கோபா போலந்திலிருந்து பிழைக்க வந்த சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. முழுப்பெயர் கோபாஷெவ்ஸ்கி; பிரெஞ்சு நாக்குக்கு வசதியாகப் பாதியாகச் சுருங்கிவிட்டது. (தில்லி ஆபீஸ்களில் நம் பெயர்கள் பட்ட பாடு யாருக்கும் நினைவு வரலாம்!) சின்ன வயசிலேயே சுரங்கத்தில் இறங்கி, விபத்தில் இடது கை விரலைப் பறிகொடுத்தவர். அதே கோபாதான் 1958-ல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருதான தங்கப் பந்தை வாங்கினார். இன்னொருவர் மொராக்கோவின் மராகேஷில் பிறந்த ஜுஸ்த் ஃபோன்தேன். 1958 உலகக் கோப்பையில், சக ஆட்டக்காரரிடம் இரவல் வாங்கிய பூட்ஸோடு 13 கோல் போட்டார். ஒரே உலகக் கோப்பையில் அத்தனை கோலை இன்றுவரை வேறு யாரும் போடவில்லை.

அதே ஐம்பதுகளில் நம் தலைநகரில் என்ன நடந்தது?

1888-ல் சிம்லா மலையில் தொடங்கிய டூராண்டு கோப்பை 1940-ல் தில்லிக்கு இறங்கி வந்தது. அதுவரை வெள்ளைக்கார ராணுவ அணிகளே மாறி மாறி வென்ற கோப்பை. 1940-ல் கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் அந்த வழக்கத்தை உடைத்தது. ஆனால் இந்திய ராணுவ அணி என்று ஒன்று முதன்முதலாக வென்றது 1955-ல்தான். அது நீலகிரி வெலிங்டனிலிருந்து வந்த மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர்! இறுதியில் விமானப்படையைத் தோற்கடித்தது. 1958-ல் கூர்க்கா பிரிகேடை எதிர்த்து மறுபடியும் கோப்பை. குன்னூர் பக்கத்து மலையூர்ச் சிப்பாய்கள் தலைநகருக்கு வந்து கிழக்கு வங்கம், மோகன் பகான், ஹைதராபாத் போலீஸ் எல்லாம் வென்ற கோப்பையை இரண்டு முறை எடுத்துக்கொண்டு போனார்கள் என்பது சின்ன விஷயமில்லை.

அந்த அணியில் வளர்ந்தவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்தவர், வெலிங்டனில் முன்வரிசையில் ஆடத் தொடங்கி, பிறகு கோல்கீப்பர் ஆனார். மெல்போர்ன், ரோம் என்று இரண்டு ஒலிம்பிக், 1962 ஜகார்த்தா ஆசியத் தங்கம், 1967-ல் அர்ஜுனா விருது. பின்னாளில் கல்கத்தாவின் மூன்று பெரிய அணிகளுக்கும் ஆடினார். 2008-ல் காலமானார்.

இரண்டு கதையும் முட்டிக்கொள்ளும் இடம் 1960 ரோம் ஒலிம்பிக். இந்தியாவும் பிரான்சும் 1-1 என்று சமன். நமக்காகக் கோல் போட்டவர் பி.கே. பானர்ஜி. ஆனால் கோபாவோ ஃபோன்தேனோ எதிரே நிற்கவில்லை. காசு வாங்கி ஆடுபவர்களுக்கு ஒலிம்பிக்கில் அப்போது இடமில்லை. நம்மவர்கள் மட்டும் சும்மாவா ஆடினார்கள்? பானர்ஜிக்கு ரயில்வே சம்பளம், தங்கராஜுக்குப் பட்டாளச் சம்பளம். வேலையும் பென்ஷனும் உண்டு, ஆட்டத்துக்கென்று தனிக் கூலி கிடையாது, ஆகவே அமெச்சூர். இந்தக் கணக்கு எனக்கு என்றுமே பிடிபட்டதில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: கோபாவை மாட்ரிட் விலைக்கு வாங்கியதுபோல வெலிங்டன் சிப்பாயை யாரும் அவ்வளவு சுலபமாக வாங்கிவிட முடியாது.

கம்பெனி அணி தில்லிக்கும் வந்தது. 2014-ல் தில்லி டைனமோஸ் தொடங்கியது. லியோன் அணியில் நான்கு பிரெஞ்சு லீக் பட்டம் வென்ற ஃப்ளோரான் மலூடா 2015-லும் 2016-லும் இங்கே ஆடினார். 2019-ல் அணியே பெயரை மாற்றிக்கொண்டு புவனேஸ்வரத்துக்குப் போய்விட்டது. டூராண்டும் அதே வருஷம் கல்கத்தாவுக்குப் போயிற்று. ரீம்ஸ் கடனில் மூழ்கி, கீழ் டிவிஷன்களுக்கு இறங்கி, மறுபடி ஏறியது. 2025-ல் திரும்பவும் இறங்கியது. ஆனால் ஊரை விட்டுப் போகவில்லை.

1955, 1958 ஆட்டங்களை நேரில் பார்த்தவர்கள் கரோல்பாகிலும் லோதி காலனியிலும் இருந்த நம் முதல் தலைமுறையினர். அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய டிக்கெட்டோ, பத்திரிகைத் துண்டோ, புகைப்படமோ இருந்தால் சங்க நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். படத்தின் பின்னால், நிற்பவர் பெயரை மறக்காமல் எழுதித் தாருங்கள்.