கப்பலேடுகளைப் பெயர்த்தெழுதிய தொண்டர்கள்

கடலோடிகள் தம் பயணத்தில் நாடோறும் எழுதிவரும் ஏட்டை 'லொக் புத்தகம்' என்பர். அப்பெயர் வந்த கதை சுவையானது. கப்பலின் வேகத்தை அளக்கும் பொறிகள் தோன்றாத காலத்தில், முடிச்சுக்கள் இட்ட நீண்ட கயிற்றின் நுனியில் மரக்கட்டையொன்றைக் கட்டிக் கடலில் எறிவர். குறித்த நேரத்துள் எத்தனை முடிச்சுக்கள் கையைவிட்டு ஓடின என்று எண்ணி அத்தொகையை ஓர் ஏட்டிற் பதிவர். ஆங்கிலத்தில் 'லொக்' என்றால் மரக்கட்டை. கட்டை போய் நெடுங்காலமாயிற்று. ஏட்டின் பெயர் போகவில்லை. கப்பலின் வேகத்தை 'நொட்', அதாவது முடிச்சு, என்று சொல்லும் வழக்கமும் இன்றுவரை இருக்கின்றது.

நாளடைவில் இவ்வேட்டில் வேறு பல செய்திகளும் இடம்பெற்றன. காவல் மாறுந்தோறும், கப்பல் நின்ற இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும், காற்றின் திசை, அதன் வலிமை, பாரமானி காட்டிய அமுக்கம், வளியின் வெப்பம், கடல்நீரின் வெப்பம் என்பன எழுதப்பட்டன. எழுதியவன் வானிலை ஆராய்ச்சிக்காக எழுதினானல்லன். எழுதாவிட்டால் மேலதிகாரி கேட்பான் என்பதற்காகவே பலர் எழுதியிருப்பர். கடமைக்கு எழுதிய அவ்வெண்களே நூறாண்டு கழித்துப் பெரும் பொருளாயின.

அவற்றின் அருமையை முதலில் உணர்ந்தோருள் ஒருவர் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த மத்தேயு மோரி. 1839இல் வண்டி கவிழ்ந்து காலில் ஊறுபட்டமையாற் கடற்பணிக்கு உதவாதவராய், 1842இல் வாசிங்டனிலுள்ள கடல் வரைபடக் களஞ்சியத்துக்குப் பொறுப்பாளராக்கப்பட்டார். அங்கே கவனிப்பாரற்றுக் குவிந்துகிடந்த பழைய கப்பலேடுகளை அவர் புரட்டத் தொடங்கினார். எந்தக் கடலில் எந்த மாதத்திற் காற்று எப்பக்கம் வீசும் என்பதை அவற்றிலிருந்தே திரட்டி, 1847 முதலாகப் படங்களாக வெளியிட்டார். 1853இல் பிரசெல்சு நகரிற் பத்து நாட்டவர் கூடிக் கடலில் வானிலையைப் பதிவதற்கு ஒரு பொதுமுறை வகுத்தமைக்கும் அவருடைய முயற்சியே காரணம். கால் முறியாதிருந்தால் அவரும் ஏடு எழுதும் அதிகாரிகளுள் ஒருவராகவே காலங்கழித்திருப்பாரோ என்னவோ!

மோரி பயன்படுத்தியது சிறு பகுதியே. உலகத்து ஆவணக் காப்பகங்களில் எண்ணற்ற ஏடுகள் அப்படியே கிடந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பெருங்கடல்களின் வானிலை எவ்வாறிருந்தது என்பதை அறிய விரும்பிய ஆய்வாளருக்கு அவை வேண்டியிருந்தன. நிலத்தில் நிலையங்கள் இருந்தன. நடுக்கடலில் யார் இருந்தார்? கப்பலோடினவனே இருந்தான். ஆனால் அவன் கையெழுத்தை அக்காலத்துக் கணினிகளால் நம்பத்தக்கவாறு படிக்க முடியவில்லை. மனிதக் கண்ணே வேண்டியிருந்தது.

ஆகவே 2010 ஒக்டோபரில் 'பழைய வானிலை' எனப் பொருள்படும் பெயரோடு ஒரு பணி தொடங்கிற்று. பிரித்தானிய வானிலை அலுவலகம், கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் நூதனசாலை, பொதுமக்களை ஆராய்ச்சியிற் சேர்க்கும் 'சூனிவேர்ஸ்' அமைப்பு முதலியன இதில் ஒன்றுசேர்ந்தன. முதல் உலகப் போர்க் காலத்துப் பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் ஏடுகளைப் படம்பிடித்து இணையத்தில் வைத்து, "விரும்பியோர் வந்து பெயர்த்தெழுதுக" என்று அழைத்தனர். கூலி ஒன்றுமில்லை. 2012ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் 16,000க்கு மேற்பட்டோர் ஏறக்குறைய 300 கப்பல்களின் ஏடுகளிலிருந்து 16 இலட்சம் வானிலைப் பதிவுகளை எழுதிக் கொடுத்துவிட்டனர். இந்து சமுத்திரத்திற் காவல் புரிந்த கப்பல்களின் ஏடுகளிற் கொழும்பும் திருகோணமலையும் வருகின்றன. எங்கோ ஓர் ஊரில் இருந்த தொண்டர் நம் துறைமுகத்தின் ஒரு காலைப்பொழுதின் காற்றையும் வெயிலையும் எழுத்தெண்ணிப் படித்திருக்கிறார்.

அதிக பக்கம் எழுதியவர் அக்கப்பலுக்குக் 'கப்பித்தான்' ஆவார். அவரை வேறொருவர் முந்தினால் அப்பதவி பறிபோய்விடும். இது சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றலாம். ஆயினும் பதவிக்குள்ள கவர்ச்சியைச் சங்கங்கள் நடத்தும் நாம் அறியாதவர்களா?

எழுதுவது எளிதன்று. நீலவானுக்கு 'பி', முகிலுக்கு 'சி', மழைக்கு 'ஆர்', திடீர்ச் சூறைக்கு 'கியூ' என்று ஒற்றை எழுத்துக்களாற் குறிப்பர். காற்றின் வலிமையோ போபோட் அளவையின்படி 0 முதல் 12 வரையான எண். மை கலைந்த இடத்தில் 3 என்பது 8 போலத் தோன்றும். ஏடெழுதியவனே களைப்பிற் கிழக்கை மேற்கென்று எழுதிவிட்ட இடங்களும் உண்டு. அங்கேயும் தொண்டர் தம் அறிவைக் காட்டலாகாது; கண்டதைக் கண்டவாறே எழுதவேண்டும். ஒருவர் பிழைவிட்டாலும் கண்டுகொள்ளும்பொருட்டு ஒரே பக்கத்தைப் பலர் தனித்தனியே பெயர்த்தெழுதினர். ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் கண்டவர்களின் நாட்டினரான நமக்கு இவ்வேலையின் அருமையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

வானிலை தேடிச் சென்றவர்கள் மனிதரையும் கண்டனர். 1918 ஓகஸ்டில் 'மன்ருவா' என்னும் கப்பல் மேற்கு ஆபிரிக்காவின் பிறீற்றவுண் துறைமுகத்துக்கு நச்சுக்காய்ச்சலைக் கொண்டுவந்தது. அங்கு நின்ற 'ஆபிரிக்கா' என்னும் போர்க்கப்பலின் செப்ரெம்பர் மாதப் பக்கங்களில், அமுக்கமும் வெப்பமும் வழக்கம்போல எழுதப்பட்டிருக்க, அவற்றின் அருகே இறந்த மாலுமிகளின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்பக்கங்களை விரைந்து கடந்துவிட யாருக்குத்தான் மனம் வரும்?

2012 ஒக்டோபரில் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள வடதுருவக் கடற் கப்பல்களின் ஏடுகளும் இப்பணியிற் சேர்க்கப்பட்டன. அவற்றுள் 'ஜெனெற்' என்னும் கப்பலின் ஏடுகளும் இருந்தன. ஜோர்ஜ் டி லோங் என்பவரின் தலைமையில் 33 பேருடன் 1879 யூலை 8ஆந் திகதி சன்பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்ட அக்கப்பல், செப்ரெம்பரில் ஹெரல்ட் தீவுக்கு அருகே பனிக்கட்டியில் அகப்பட்டது. ஏறக்குறைய 21 மாதம் பனி இழுத்த இழுப்புக்கே சென்றது. போவதற்கு வழியில்லை; செய்வதற்கு வேலையும் இல்லை; ஆயினும் ஏடெழுதும் வேலை நிற்கவில்லை. 1881 யூன் 13ஆந் திகதி அதிகாலையிற் பனி நெரித்துக் கப்பல் அமிழ்ந்தது.

உணவும் படகுகளும் பெரும் பாரமாயிருக்க, அவற்றோடு ஏடுகளையும் பனிமேல் இழுத்துச் சென்றனர். பின்னர் மூன்று படகுகளிற் புறப்பட்டதில் ஒரு படகு எட்டுப் பேருடன் மறைந்தது. டி லோங்கின் படகு சைபீரியாவின் லேனா ஆற்று முகத்தை அடைந்தது. அங்கே சுமக்க வலுவில்லாதவராய் ஏடுகளைக் கரையில் வைத்துவிட்டு உள்நாடு நோக்கி நடந்தனர். டி லோங்கும் தோழரும் பட்டினியால் மாண்டனர். உயிர் தப்பியோர் 13 பேரே. அவருள் ஒருவரான மெல்வில் என்னும் பொறியியலாளர், தோழரைத் தேடி உடனே திரும்பிச் சென்று, அவ்வாண்டு நவம்பரில் ஏடுகளை மீட்டார். தோழரின் உடல்களை அடுத்த ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே காண முடிந்தது.

அந்த ஏடுகளைத்தான் தொண்டர்கள் வீட்டு மேசைமுன் இருந்து வரிவரியாகப் பெயர்த்தெழுதினர். பனி எங்கே, எவ்வளவு தடிப்பாக இருந்தது என்பதை அறிய அவை இன்று சான்றாகின்றன. ஜெனெற் சிறைப்பட்ட அவ்விடத்தில் அண்மை ஆண்டுகளின் செப்ரெம்பர் மாதங்களிற் பெரும்பாலும் பனிக்கட்டி இல்லை. திறந்த கடலே கிடக்கின்றது.