பூஞ்சை நோயும் பிராணவாயு அறையும்

கல்லணைக் கால்வாயின் கடைமடையான பேராவூரணி வட்டாரத்தில், வயலிலும் தென்னந்தோப்பிலும் வெறுங்காலுடன் வேலை செய்வோருக்கு முள் குத்துவதும் அந்தக் காயம் தானே ஆறிவிடுவதும் அன்றாட நிகழ்வுகளே. ஆயினும் அத்தகைய சிறு காயத்தின் வழியே மண்ணிலுள்ள பூஞ்சை புகுந்து, ஆண்டுக்கணக்கில் தசையையும் எலும்பையும் அரிக்கும் கொடிய நோய் ஒன்றை, 1842இல் மதுரையில் பணியாற்றிய கில் என்னும் மருத்துவர் பதிவு செய்தார். 1846இல் கோல்புரூக் அதற்கு ‘மதுரா பாதம்’ என்று பெயரிட்டார். வீங்கிய பாதத்தில் துளைகள் தோன்றி, சீழோடு கடுகளவுக் கரிய மணிகள் வெளிவருவது அதன் அடையாளம். அம்மணிகள் பூஞ்சைத் திரள்களே என்று 1860களின் தொடக்கத்தில் பம்பாயில் விளக்கிய ஹென்றி வான்டைக் கார்ட்டர், 1874இல் அந்நோய் குறித்துத் தனி நூலே வெளியிட்டார். எனினும் நோய் முற்றியவர்களின் காலை வெட்டியெடுப்பதைத் தவிர அன்று வேறு வழியில்லை.

பூஞ்சையைக் கொல்லும் ஆம்போடெரிசின்-பி மருந்து 1950களில் வந்தது. ஏறத்தாழ அக்காலத்திலேயே ஆம்ஸ்டர்டாமின் அறுவை மருத்துவர் போரெமா, காற்றழுத்தம் மிகுந்த அறையில் தூய பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்தால், சிவப்பணுக்களின் துணையின்றியே இரத்த நீரில் போதிய பிராணவாயு கரையும் என்பதைப் பன்றிகளைக் கொண்டு மெய்ப்பித்து, 1960இல் வெளியிட்டார்.

மருந்தும் அறையும் ஒன்றுசேர்வது வேறொரு பூஞ்சை நோயில். கொரோனாவின் இரண்டாம் அலையில், 2021 மே மாதம், தமிழக அரசு அறிவிக்கத்தக்க நோயாக அறிவித்த கருப்புப் பூஞ்சை, அதாவது மியூகோர்மைகோசிஸ், இரத்தக்குழாய்களைத் துளைத்து அடைத்துவிடுவதால், பிராணவாயு கிட்டாத திசு கருகி இறக்கிறது. அங்கே மருந்தும் சென்று சேர்வதில்லை. இந்நிலையில், போரெமா காட்டியது போன்ற அறையில் இயல்பைவிட இரண்டு முதல் இரண்டரை மடங்கு அழுத்தத்தில் செலுத்தப்படும் பிராணவாயு, உயிருள்ள திசுவைக் காத்து, பூஞ்சையை அழிக்கும் வெள்ளணுக்களுக்கு வலுவூட்டும் என்பதே பிராணவாயு அறை மருத்துவத்தின் அடிப்படை.

ஆனால் இதற்கான சான்றுகள் பெரும்பாலும் தனித்தனி நோயாளர் குறிப்புகளாகவும் சிறு தொகுப்புகளாகவுமே உள்ளன என்பதால், இறந்த திசுவை வெட்டியகற்றும் அறுவைக்கும் ஆம்போடெரிசினுக்கும் இது துணையாகுமே தவிர மாற்றாகாது. ஆகவே இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும், மூக்கடைப்போடு முகத்தின் ஒருபக்கம் வீங்கி வலித்தால் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரை நாடுவதும், எந்த அறையையும்விட முதன்மையானவை.