தாது வருடப் பஞ்சமும் அரசு ஆவணங்களும்

அரசு ஆவணங்கள் ஆட்சி செய்தோர் தம் தேவைக்கென எழுதி வைத்தவை. குடிமக்களின் வரலாற்றை எழுத அவை துணை செய்யுமோ என்னும் ஐயம் இயல்பே. துணை செய்யும் என்பதே நம் கருத்து. ஆயின், படிக்கும் முறையறிந்து படித்தல் வேண்டும். நம் முன்னோர் 'தாது வருடப் பஞ்சம்' என நினைவில் வைத்திருந்த 1876-78-ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தைக் கொண்டு இதனை விளக்க முற்படுவோம்.

1876-இல் பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணம் பசியில் வாடியது. அவ்வேளையில்தான், 1877 சனவரி முதல் நாள், இத்தில்லி மாநகரில் விக்டோரியா அரசியாரைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் நடைபெற்றது. அம்மாதமே வைசிராய் லிட்டன் பிரபு, சர் ரிச்சர்டு டெம்பிளைச் சென்னைக்கு அனுப்பினார். செலவைக் குறைத்தலே டெம்பிளின் நோக்கம். நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என அவர் வகுத்தார்.

இத்துடன் ஆவணம் முடிந்திருப்பின், ஆள்வோர் கூற்று மட்டுமே நமக்கு எஞ்சியிருக்கும். அவ்வாறு முடியவில்லை. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதனை மறுத்தார். உழைக்கும் உடலுக்கு ஒன்றரை இராத்தல் தானியமும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என வாதிட்டார். வழக்கு வலுக்கவே, 1877-லேயே கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது.

அதிகாரிகள் ஒருவரோடொருவர் முரண்படும் இடமே ஆராய்ச்சியாளன் உற்று நோக்க வேண்டிய இடமாகும். ஒருவர் மறைக்க விரும்பியதை மற்றவர் தம் கட்சியை நிலைநாட்டும் பொருட்டு எழுதிவிடுகிறார். இறுதி ஆணையை மட்டும் படிப்போர் இதனைக் காணார். கோப்புகளோடு சேர்த்து வைக்கப்பெற்ற அலுவலகக் குறிப்புகளையும் புரட்டினால்தான் ஆணை பிறந்த கதை விளங்கும்.

ஓரிடத்து ஆவணமும் போதாது. இந்திய அரசின் நடவடிக்கைப் பதிவுகள், 1891-இல் கல்கத்தாவில் தோன்றிய ஆவணத்துறையின் வழிவந்த தேசிய ஆவணக் காப்பகத்தில், தில்லி ஜன்பத் சாலையில் உள்ளன. சென்னை அரசின் பதிவுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இலண்டனுக்குச் சென்ற படிகள் அங்குள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. தில்லியில் வினாவும் எழும்பூரில் விடையுமாகக் கிடக்கும் கடிதங்களை இணைத்துப் படிப்போர்க்கே முழு வழக்கும் புலனாகும்.

எண்களையும் ஒப்பிட்டே ஏற்றல் வேண்டும். 1871-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாகாண மக்கள்தொகை ஏறத்தாழ 3 கோடியே 12 இலட்சம். 1881-இல் ஏறத்தாழ 3 கோடியே 8 இலட்சம். பத்தாண்டில் பெருகியிருக்க வேண்டிய மக்கள் குறைந்தனர். எத்தனை அறிக்கைகள் எழுதப்பட்டாலும் இவ்விரு எண்களுக்கு இடைப்பட்ட உண்மையை அவை மறைத்தல் இயலாது.

எனினும் ஒரு குறை உண்டு. ஓர் இராத்தல் தானியத்திற்கு மண் சுமந்தவன் தன் வாயால் பேசிய சொல் அக்கோப்புகளில் அரிது. அங்கே அவன் ஓர் எண்ணாகவே நிற்கிறான். அதனை நிறைவு செய்ய நாம் தமிழிடமே வரல் வேண்டும். வில்லியப்ப பிள்ளை இயற்றிய 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' போன்ற நூல்களும், ஊர்ப்புறப் பாடல்களும் கோப்பு கூறாத துயரைக் கூறுகின்றன.

தலைநகரில் வாழும் தமிழ் இளைஞர்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. ஆவணமும் இலக்கியமும் ஒருங்கே கற்றவராய் அப்படிப்பறைக்குள் செல்லுங்கள். பசியால் மாண்ட நம் மூதாதையர்க்கு நடுகல் எவரும் நடவில்லை. அவர்தம் வரலாற்றை ஐயமற எழுதுதலே நாம் நடக்கூடிய கல்லாகும்.