பிழைக்கு எழுத்து வைத்தவர்

மென்பொருளின் புது வெர்ஷனோடு வரும் ரிலீஸ் நோட்ஸை யார் படிக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நான் படிக்கிறேன். சென்னையில் உட்கார்ந்து வெளிநாட்டுக் கணித ஆய்விதழ்களுக்குப் பக்கம் போடுகிறவர்கள் எல்லோருமே படித்தாக வேண்டும். நாங்கள் பயன்படுத்துவது டெக் என்ற எழுத்துக்கோப்பு மென்பொருள். அதில் ஓர் இடைவெளி மயிரிழை மாறினாலும் ஒரு வரி அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். அதன் பின்னாலேயே பக்க எண், பொருளடக்கம், சொல்லடைவு எல்லாம் நகரும். அதனால் 'பக் சரிசெய்யப்பட்டது' என்ற ஒவ்வொரு வரியிலும் நான் தேடுவது ஒன்றைத்தான்: எந்தச் சூழ்நிலையில் அந்தப் பிழை தலைகாட்டியது? அதைச் சொல்லாத வரி எனக்கு உதவாது.

சூழ்நிலையைக் குறித்துவைக்கும் பழக்கம் பழையது. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணினியில் அகப்பட்ட விட்டில்பூச்சியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். பதிவேட்டில் அந்தப் பூச்சியை ஒட்டியவர்கள் கூடவே 15:45 என்று நேரத்தையும், 70-ஆம் ரிலே, எஃப் பேனல் என்று இடத்தையும் எழுதினார்கள். எனக்குப் பூச்சியைவிட அந்த விவரம்தான் பெரிது. 1971 நவம்பரில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் வெளியிட்ட முதல் யூனிக்ஸ் கையேடு இன்னொரு படி மேலே போனது. ஒவ்வொரு கட்டளையின் விளக்கத்துக்கும் அடியில் 'பக்ஸ்' என்று ஒரு பகுதி ஒதுக்கி, இன்னும் தீராத குறைகளை அவர்களே எழுதிவைத்தார்கள். திருத்திய பிறகு சொல்வது சுலபம். திருத்தாததைச் சொல்ல நெஞ்சில் நேர்மை வேண்டும்.

இந்த வழக்கத்தை ஓர் ஆராய்ச்சியாகவே மாற்றியவர் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் டொனால்ட் கனூத். 1977-இல் தன் புத்தகத்தின் இரண்டாம் தொகுதிக்குப் புது முறையில் கோத்து வந்த அச்சுப் படியைப் பார்த்து மனம் வெறுத்துப்போய், எழுத்துக்கோப்பு மென்பொருளைத் தானே எழுத உட்கார்ந்தவர் அவர். டெக் பிறந்தது அப்படித்தான். 1978 மார்ச்சில் நிரலை முதன்முதலாக ஓட்டிச் சோதிக்கத் தொடங்கியதிலிருந்து, செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசை எண் போட்டு எழுதி வந்தார். 10 ஆண்டு எழுதிய அந்தப் பதிவேட்டில் 850-க்கும் மேற்பட்ட பதிவுகள் சேர்ந்தன. 1989-இல் அதை முழுசாகவே ஓர் ஆய்வுக் கட்டுரையின் பின்னிணைப்பாக வெளியிட்டார்.

பதிவுகளை அவர் 15 வகையாகப் பிரித்து ஒவ்வொரு வகைக்கும் ஓர் எழுத்து கொடுத்தார். அவற்றில் ஒன்பதுதான் உண்மையான பிழைகள். மீதி ஆறும் மெருகேற்றல்கள். 'ஏ' என்றால் கணக்கு முறையே தவறு. 'எஃப்' என்றால் செய்ய வேண்டியதை மறந்துபோனது. 'எம்' என்றால் நிரலின் ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு ஒத்துப்போகாதது. 'டி' வெறும் தட்டச்சுப் பிழை. 'பி' என்பது கொஞ்சம் நுட்பமானது: என்ன எழுத வேண்டும் என்று தெரிந்திருந்தும், கை வேறொன்றை எழுதிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்தது 'எஸ்'. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். இரண்டு வசதிகள் யாருமே எண்ணிப் பார்க்காத விதத்தில் சந்திக்கும்போது கோளாறு முளைக்கும். இத்தனை ஆண்டு கழித்தும் ஒரு திருத்தக் குறிப்பைப் படிக்கும்போது அது 'பி'யா 'எஸ்'ஸா என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. 'பி' என்றால் விஷயம் அதோடு முடிந்தது. 'எஸ்' என்றால் அதன் அக்கம்பக்கத்தில் இன்னும் சில இருக்கும். அந்த வெர்ஷனைச் சோதிக்காமல் இறக்கமாட்டேன்.

பிழை கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்குக் கனூத் காசோலை அனுப்பினார். டெக் பிழைக்கான தொகை ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பாகி 327.68 டாலரில் நின்றது. பலர் அதை வங்கியில் போடாமல் சட்டம் போட்டு மாட்டினார்கள்.

டெக்கின் மேல் கட்டப்பட்ட லேடெக்கில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு பத்தியாக அச்சாகும் கட்டுரையில், பக்க அகலம் முழுக்க விரியும் படம் 2 இடம் கிடைக்காமல் காத்திருக்கும். ஒரே பத்திக்குள் அடங்கும் படம் 3 அதை முந்திக்கொண்டு முன்பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். 'வரிசை மாறியிருக்கிறது' என்று ஆசிரியரிடமிருந்து புரூஃப் திரும்பி வரும். லேடெக் குழுவுக்கு இது நன்றாகவே தெரியும். ஆனால் திருத்தினால் பழைய கட்டுரைகளின் பக்க அமைப்பு மாறிப்போகும். எனவே மருந்தைத் தனி பேக்கேஜாக வைத்தார்கள், வேண்டியவர்கள் சேர்த்துக்கொள்ளலாம். 2015-இல்தான் அதை மூல மென்பொருளிலேயே கலந்தார்கள். அதோடு, பழைய தேதியைக் குறிப்பிட்டால் பழையபடியே நடந்துகொள்ளும் வசதியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். திருத்தத்தால் யாருக்கு இடைஞ்சல் வரும் என்பதையும் யோசித்து எழுதிய குறிப்பு அது. பக்கம் போடுகிறவன் என்ற முறையில் அதற்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இதற்கு நேர்மாறானது 2018 பிப்ரவரியில் வந்த ஐஓஎஸ் 11.2.6. தெலுங்கின் 'ஜ்ஞா' கூட்டெழுத்துக்கு நடுவே, கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்புக் குறி சேர்ந்து வந்தால் ஐபோனில் மெசேஜ் ஆப் விழுந்துவிடும். வங்காள, தேவநாகரி எழுத்துகளிலும் சில வரிசைகள் அதே வேலையைச் செய்தன. அசல் 'எஸ்' வகை: கூட்டெழுத்து, பிரிப்புக் குறி, உயிர்க்குறி மூன்றும் முறையானவை, சேர்ந்த இடத்தில்தான் வினை. ஆப்பிளின் வெளியீட்டுக் குறிப்போ, சில எழுத்து வரிசைகளால் ஆப்கள் நின்றுபோகும் சிக்கல் தீர்ந்தது என்பதோடு நிறுத்திக்கொண்டது. தெலுங்கு என்ற பெயரே இல்லை. பாதுகாப்புக் குறிப்பு, திட்டமிட்டு உருவாக்கிய எழுத்துத் தொடரால் நினைவகம் சிதையலாம் என்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இரண்டும் ஒரே பிழை என்று புலப்படும். தாய்மொழியில் எழுதியதால் போன் முடங்கிய ஒருவருக்கு, நடந்தது என்ன என்று அதே மொழியின் பெயரைச் சொல்லி விளக்கியிருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இன்று பெரும்பாலான ஆப்களின் குறிப்பு அந்த அளவுகூடச் சொல்வதில்லை. 'பிழைத் திருத்தங்களும் செயல்திறன் மேம்பாடுகளும்' என்ற ஒரே வரி மாதாமாதம் வருகிறது.

டெக்கின் பதிவேடு இன்னும் மூடப்படவில்லை. வந்த புகார்களை மொத்தமாக எடுத்துப் பார்க்கும் வேலையைக் கனூத் 2008, 2014, 2021 ஆண்டுகளில் செய்தார். இடைவெளி ஒவ்வொரு தடவையும் ஓராண்டு கூடுகிறது. வெர்ஷன் எண் பையின் மதிப்பை நோக்கி ஓர் இலக்கம் நீளும், இப்போது 3.141592653. அடுத்த முறை 2029-இல். தான் இறந்த பிறகு எண்ணைப் பை என்றே வைத்துவிட்டு, மிச்சமிருக்கும் பிழைகளையெல்லாம் மென்பொருளின் இயல்பாகவே கொள்ளும்படி எழுதிவைத்திருக்கிறார். 2021 திருத்தத்தையும் விவரமாக எழுதி டெக் பயனர் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் நான் படிக்கக் கொடுப்பது அதைத்தான்.